சாப்பாட்டு மேஜையில் ஒரு விமானம்

பிப்ரவரி 4

அண்ணா,

போன்ல சொல்லாம எதுக்குக் கடிதம்னு கேட்பே. இந்த வீட்டுச் சுவர் அட்டை மாதிரி. சமையலறையில முணுமுணுத்தா படுக்கையறையில கேட்கும். மெசேஜ் போட்டா நீ பதில் போடுவே, அது மேஜைமேல கிடக்கிற என் போன்ல பளிச்சுன்னு வந்து நிக்கும். ஆஸ்பத்திரி போன் வார்டுக்கு நட்ட நடுவுல இருக்கு. அதனாலதான் எழுதுறேன். ஆனா தீவுலேருந்து தபால் பையும் என் வீட்டுக்காரர் ஓட்டுற விமானத்துலதான் கரைக்கு வருது. இந்தக் கடிதத்தை உன் மாப்பிள்ளையே தூக்கிக்கிட்டு வந்து சேர்ப்பார்.

விஷயத்துக்கு வரேன். வேலை முடிஞ்சு வந்ததும் நீ கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுவியே, அந்த விளையாட்டுக்கு வச்சிருக்கிற ஜாய்ஸ்டிக் மாதிரி எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு. விளையாட்டையும் எப்படிப் போடுறதுன்னு எழுது. எங்க பழைய லேப்டாப்புல ஓடுமான்னும் சொல்லு.

எதுக்குன்னு சொன்னா நீ கத்துவே. கத்திட்டு மறுபடி படி.

போன மாசம் ஒரு நோயாளியைக் கரையில விட்டுட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். பின்னாடி யாரும் இல்லாததால நான் முன்னாடி அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஏதோ கேட்டேன், பதில் இல்ல. திரும்பிப் பார்த்தா கண்ணு திறந்திருக்கு, ஆனா அவர் அதுல இல்ல. கட்டைவிரல் மட்டும் எதையோ தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. மூணு தடவை கூப்பிட்டேன். அப்புறம் அவரே "என்ன?"ன்னார். விமானம் தானா நேரா போற மாதிரி வச்சிருந்ததால ஒண்ணும் ஆகல. ஏதோ யோசனையா இருந்தேன்னு சொல்லிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுல, காலையில, கையில டம்ளரோட மறுபடியும் அதே.

நான் நர்ஸ். இது யோசனை இல்லன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். "லைசென்ஸ் போச்சுன்னா நான் யாரு?"ன்னு கேட்டார். 

அதனால நான் இறக்கக் கத்துக்கணும். அவ்வளவுதான். அவருக்கு ஏதாவது ஆனா அந்த விமானத்துல விழிச்சிருக்கிறவ நான் ஒருத்திதான். நீயும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அண்ணிகிட்டக்கூட.

தங்கை


பிப்ரவரி 11

குட்டி,

கத்தினேன். அண்ணி என்ன ஆச்சு என்று ஓடி வந்தாள். கீழ்வீட்டில் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று சமாளித்தேன். கீழ்வீட்டுக்காரர் பாவம், ஊரிலேயே இல்லை.

ஜாய்ஸ்டிக் இந்தப் பார்சலில் இருக்கிறது. புதிதாக வாங்கியது. என்னுடையது தேய்ந்து போனது, உன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. இது முழு மனசோடு செய்கிற காரியம் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை, அந்தப் பழக்கத்தில் அனுப்புகிறேன்.

அடியில் ஒரு கவ்வி இருக்கும். ஆடாத மேஜையின் விளிம்பில் அதை வைத்து இறுக்கு. நடுவில் சும்மா வைத்தால் நீ இழுக்கும்போது ஸ்டிக்கோடு அடித்தட்டும் எழுந்து வரும். வயரை லேப்டாப்பில் நேராகச் சொருகு. விளையாட்டைத் திறக்கும் முன் அளவு சரிபார்க்கும் திரை ஒன்று வரும். அதில் ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் தள்ளி மெதுவாக வட்டம் போடு, மூன்று தடவை. பிறகு கையை எடுத்துவிட்டுப் பார். திரையில் உள்ள புள்ளி நடுவில் வந்து நிற்க வேண்டும். நடுங்கினால், நடுவில் கொஞ்சம் செத்த இடம், அதாவது அசைத்தாலும் கணக்கில் வராத இடம், விடச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கும். அதை மூன்று சதவீதம் வை. அதற்கு மேல் வைத்தால் நீ சின்னதாக அசைத்தது விமானத்துக்குத் தெரியாது.

ஸ்டிக்கை முறுக்கினால் மூக்கு இடம் வலமாகத் திரும்பும். நிஜ விமானத்தில் அதைக் காலால் செய்வார்கள். இது கை. இந்த வித்தியாசத்தை மறக்காதே.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்லப்போகிறாய்? எனக்கும் அவருக்கும் உன் கல்யாணத்திலிருந்தே பேச்சு வார்த்தை சுமார்தான். உன்னைத் தீவுக்குக் கொண்டு போய்விடுவார் என்று எதிர்த்தேன், கொண்டுபோனார். அதற்காக அவர் கெட்டுப்போகட்டும் என்று நினைக்கிறவன் இல்லை நான். டாக்டரிடம் போகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

வந்து சேர்ந்துச்சு. பார்சலை அவர்தான் தோள்ல போட்டுக்கிட்டு வந்து வாசல்ல வச்சார். "உன் அண்ணன் செங்கல் அனுப்பியிருக்கானா?"ன்னு கேட்டார். பிரிச்சதும் அப்படிச் சிரிச்சார். ஆஸ்பத்திரியில சும்மா இருக்கிற நேரத்துக்குக் கத்துக்கலாம்னு ஆசைன்னு சொன்னேன். நம்பிட்டார். என் வாழ்க்கையில நான் சொன்ன பொய்யிலேயே சுலபமா செல்லுபடியானது அதுதான். 

நம்ம சாப்பாட்டு மேஜை உனக்குத் தெரியும், ஒரு கால் கட்டை. அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்து, கவ்வியை இறுக்கிட்டேன். மூணு தடவை வட்டம் போட்டேன். புள்ளி நடுவுல நின்னுச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு.

முதல் தடவை ஓடுதளத்தை விட்டே நகரல. இடது பக்கம் இருக்கிற இன்ஜின் நெம்புகோலை முன்னாடி தள்ளத் தள்ள இன்ஜின் அடங்குது. பின்னாடி இழுத்தா உறுமுது. தலைகீழா இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். அமைப்புல 'திருப்பிப் போடு'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, தட்டினதும் சரியாச்சு. ரெண்டாவது தடவை எழும்பிச்சு. எழும்பினது மட்டும்தான் ஞாபகம்.

ஸ்டிக் ரொம்ப உதறுது அண்ணா. நான் ஒரு விரல்கடை அசைச்சா விமானம் ஒரு முழம் சாயுது. சரி பண்ணப்போனா அந்தப் பக்கம் சாயுது. பயத்துல இறுக்கிப் பிடிக்கிறேன், இறுக்கிப் பிடிச்சா இன்னும் மோசம். நான் இழுக்கும்போது கை தானா முறுக்கிடுது, மூக்கு பக்கவாட்டுல போகுது. இதுவரைக்கும் ஒன்பது தடவை இறக்கப் பார்த்தேன். ஒன்பதுலயும் செத்தேன்.

அவர் வேடிக்கை பார்த்துட்டு, "இது பொம்மை, நிஜத்துல சக்கரம் மாதிரி ரெண்டு கையால பிடிப்போம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். தொடவே இல்ல.

நேத்து ரெண்டு பேரை ஏத்திக்கிட்டுப் போனோம். பின்னாடி உட்கார்ந்து, ஒருத்தருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கிட்டே இன்னொரு கண்ணால அவர் பிடரியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஐம்பது நிமிஷம். தலை கொஞ்சம் அசையாம இருந்தாலும் உடனே ஏதாவது கேள்வி கேட்டேன்.  "இன்னைக்கு ரொம்பப் பேசுறே"ன்னார்.

தங்கை


பிப்ரவரி 27

குட்டி,

உதறுவது ஸ்டிக் இல்லை, உன் கை. எல்லோருக்கும் முதலில் அப்படித்தான். உணர்திறன் என்று ஒரு வளைகோடு இருக்கும், அதை நடுவில் தட்டையாக்கு. அப்போது சின்ன அசைவுக்குச் சின்னதாகவும், பெரிய அசைவுக்குப் பெரிதாகவும் கேட்கும். ஸ்டிக்கை முஷ்டியால் பிடிக்காதே, மூன்று விரல் போதும். முழங்கையை மேஜையில் ஊன்று. முறுக்குவதைப் பாதியாகக் குறைத்து வை. இறக்கும்போது ஓடுதளத்தின் முன்விளிம்பைப் பார்க்காதே, மறுகோடியைப் பார். விளிம்பைப் பார்த்தால் அங்கேயே போய் விழுவாய்.

இதெல்லாம் சரி. இப்போது நான் சொல்வதைக் கேள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷம். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது, பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக் உண்டு. அது வேலை செய்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருஷம் முன்பு கூட வேலை பார்த்தவன் ஒருவன், குழந்தைக்குக் காய்ச்சல், பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, சோதித்ததாகப் போட்டுவிடு என்றான். பார்க்காமல் போட்டேன். நல்லவன், பொய் சொல்ல மாட்டான், அதனால் போட்டேன். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் விழுந்து ஒரு அம்மாவுக்கு இரண்டு காலும் முறிந்தன. உனக்கு இது தெரியாது. அண்ணிக்கும் பாதிதான் தெரியும். விசாரணையில் இயந்திரக் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். நான் இன்னும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

நீ செய்வது அதேதான். ஆளைப் பிடித்திருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போடுகிறாய். நான் பார்க்காமல் போட்டேன், நீயோ பார்த்துவிட்டுப் போடுகிறாய்.

அவரிடம் பேசு.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

அந்த அம்மா விஷயத்தை ரெண்டு தடவை படிச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், நான் தேறிட்டேன். வளைகோட்டைத் தட்டையாக்கினதும் ஸ்டிக் பேச்சைக் கேட்குது. நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்: மொத்தம் நாற்பத்தொரு தடவை. அதுல பதினொண்ணு முழுசா இறங்கிச்சு. கடைசிப் பத்துல மட்டும் நாலு. கடைசித் திருப்பம்தான் தகராறு, ஓடுதளத்துக்கு நேரா வர்றதுக்கு இடது பக்கம் சாய்ச்சுத் திரும்பணுமே, அங்க உயரமும் வேகமும் ரெண்டும் கையை விட்டுப் போகுது.

அவரே சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "மூக்கைத் தூக்காதே, வேகத்தைப் பாரு, வேகத்தைப் பாரு"ன்னு. கல்யாணமான புதுசுல இப்படிப் பக்கத்துல உட்கார்ந்ததுதான். அவர் சந்தோஷமா இருக்கார் அண்ணா. எதுக்காகக் கத்துக்கிறேன்னு தெரியாம, தன் கையாலேயே சொல்லிக் கொடுக்கிறார். என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியல.

அஞ்சு வாரமா வேற ஒண்ணும் ஆகல. ஒருவேளை தூக்கம் பத்தாததாலகூட இருந்திருக்கலாம்.

தங்கை


மார்ச் 17

குட்டி,

நாற்பத்தொன்றில் பதினொன்று. மீதி முப்பது தடவை பின்னால் படுத்திருந்தவர்கள் யார்?

அதுவும் சாப்பாட்டு மேஜையில், நாற்காலியில் உட்கார்ந்து, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து, பக்கத்தில் விழிப்பாக இருக்கிற விமானி சொல்லிக்கொடுத்து, காலை ஊன்றிக்கொண்டு செய்த பதினொன்று. நிஜத்தில் நீ பின்சீட்டில் ஊசியோடு இருப்பாய். முன்னால் எழுந்து போய், அவரை நகர்த்தி, உட்கார வேண்டும். அதற்கு விளையாட்டில் அமைப்பு கிடையாது.

தப்பு என்னுடையது. கேட்டதும் வாங்கி அனுப்பி, உன் பயத்துக்கு ஒரு பொம்மை கொடுத்துவிட்டேன். தூக்கம் என்று சொல்கிறாயே, வார்டில் எந்த நோயாளியாவது இப்படிச் சொன்னால் விடுவாயா?

பத்து நாள் தருகிறேன். அதற்குள் அவரோ நீயோ சொல்லவில்லை என்றால் உங்கள் விமான நிலைய அதிகாரிக்கு நானே எழுதுவேன்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

உன் கடிதத்தை அவர் கையாலதான் வாங்கினேன். உறை ஒரு பக்கம் ஒட்டாம வாயைத் திறந்துக்கிட்டு இருந்துச்சு. "உன் அண்ணன் அடிக்கடி எழுதுறானே, அப்படி என்னதான் எழுதுவான்?"னு கேட்டுக்கிட்டே ரெண்டு விரலால அந்த வாயை அழுத்தி மூடிக் கொடுத்தார். 

பத்து நாளா? நீ யாரு நாள் குறிக்க? நீ போட்ட கையெழுத்துக்கு என் வீட்டுக்காரரைப் பரிகாரமா கேட்கிறியா? உனக்கு எப்பவுமே அவரைப் பிடிக்காது. அதிகாரிக்கு நீ எழுதினதா தெரிஞ்சுது, அதோட எனக்கு அண்ணன் இல்ல.

நானே பேசுறேன். எப்போன்னு எனக்குத் தெரியும்.

தங்கை


மார்ச் 30

அண்ணா,

இது படகுல வருது. எப்போ கிடைக்கும்னு தெரியல.

ஞாயித்துக்கிழமை மதியம். மழை, அன்னைக்குப் பறக்கிற வேலை இல்ல. நான் மேஜையில கடைசித் திருப்பத்தையே திரும்பத் திரும்பப் பண்ணிக் கெடுத்துக்கிட்டிருந்தேன். அவர் பொறுக்க முடியாம "நகரு"ன்னு சொல்லி உட்கார்ந்தார். அன்னைக்குத்தான் முதல் தடவையா ஸ்டிக்கைத் தொட்டார். பிடிச்சுப் பார்த்து, "எவனாவது இப்படி வழுவழுன்னு வைப்பானா?"ன்னு அமைப்பை மாத்தினார். அஞ்சே நிமிஷத்துல பழகிட்டார். எழும்பி, சுத்தி வந்து, எழுநூறு அடியில இடது பக்கம் சாய்ச்சார். பேசிக்கிட்டேதான் இருந்தார்.

"இப்போ பாரு, சாய்ஞ்சிருக்கும்போதே மூக்கைக் கொஞ்சம்..."

அதோட நின்னுடுச்சு.

கண்ணு திரையிலதான் இருந்துச்சு. கட்டைவிரல் ஸ்டிக் தலையில இருக்கிற பொத்தானைத் தேய்க்க ஆரம்பிச்சுது. அது பார்வையைத் திருப்புற பொத்தான். திரையில கடல் இடது பக்கம் ஓடுது, வலது பக்கம் ஓடுது, மறுபடி இடது. விமானம் சாய்ஞ்சுக்கிட்டே போகுது. கூப்பிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அது நர்ஸ் பழக்கம்.

அண்ணா, ஸ்டிக் எனக்கு ஒரு முழ தூரத்துல இருந்துச்சு. கையை நீட்டினா போதும். நாற்பது தடவைக்கு மேல எதுக்காகப் பழகினேனோ, அது என் கண்ணு முன்னாடி நடக்குது. என் கை மடியை விட்டு எழும்பல. விமானம் தண்ணிக்குள்ள போற வரைக்கும் அது மடியிலேயே இருந்துச்சு.

இருபத்திரெண்டு செகண்ட்.

"...கீழே விடணும்"னு சொல்லி முடிச்சார். அப்புறம் திரையைப் பார்த்தார். "என்ன பண்ணினே?"ன்னு என்னைக் கேட்டார்.

"நான் தொடல."

"அப்போ ஸ்டிக் லூஸ். உன் அண்ணன் அனுப்பினது வேற எப்படி இருக்கும்."

அந்த விளையாட்டுல நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். ஓரத்துல நேரம் ஓடும். அவர் முழுசா பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையும் பார்த்தார். அப்புறம் அவரே அழிச்சார். வயரைப் பிடுங்கினார். போய்க் குளிச்சார். சாயங்காலம் சீருடையைத் தேய்ச்சு மாட்டினார்.

"நாளைக்குப் போகப்போறீங்களா?"

"ரெண்டு பேரு காத்திருக்காங்க. சிறுநீரகக்காரங்க. தள்ளிப்போட முடியுமா? நீதான் நர்ஸ், நீ சொல்லு."

 அவர் சொன்னதும் உண்மைதான். அவங்களுக்கு டயாலிசிஸ் நாள் தள்ளக்கூடாது.

திங்கள் காலையில அவருக்கு முன்னாடி நான் நிலையத்துக்குப் போயிட்டேன். அதிகாரி டீ குடிச்சுக்கிட்டிருந்தார். "சார், இன்னைக்கு அவர் ஓட்டக்கூடாது"ன்னேன். ஏன்னு கேட்டார். சொன்னேன். தேதி, நேரம், எத்தனை செகண்ட், எல்லாத்தையும் நோயாளிக் குறிப்பு படிக்கிற மாதிரி சொன்னேன். அப்படித்தான் சொல்ல முடிஞ்சுது. பாதியில அதிகாரி என் பின்னாடி பார்த்தார். திரும்பினா, அவர் தபால் பையோட கதவுல நிக்கிறார்.

"உண்மையா?"ன்னு அதிகாரி கேட்டார்.

அவர் பையைக் கீழே வச்சார். பாக்கெட்டுலேருந்து விமானச் சாவியை எடுத்து மேஜைமேல வச்சார். என்னைப் பார்க்காமலேயே வெளியில போனார். அவர் ஓடுதளத்தைக் குறுக்கே கடந்து வீட்டுக்கு நடந்து போறதை ஜன்னல் வழியா பார்த்தேன். அந்த ஓடுதளத்துல அவர் நடந்து நான் பார்த்ததே இல்ல.

நோயாளிங்களைப் படகுல கூட்டிக்கிட்டுப் போனேன். ஆறு மணி நேரம். ஒருத்தருக்கு வழியெல்லாம் வாந்தி. ரெண்டு பேரும் பிழைச்சிட்டாங்க.

வீட்டுல அவர் பேசுறதில்ல.

தங்கை


ஏப்ரல் 8

குட்டி,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில், எட்டாவது மாடி லிஃப்ட் அறையில் உட்கார்ந்து படித்தேன். கூட வந்தவன் என்ன சார் என்று கேட்டான். தூசி என்றேன்.

கை எழும்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். அங்கே எழும்பவில்லை, மறுநாள் கால் எழும்பி நிலையத்துக்குப் போயிற்று. எனக்கு ஆறு வருஷமாக எதுவும் எழும்பவில்லை.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நாள் என்றேன், ஆனால் நான்காம் நாளே அதிகாரிக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். வாக்குத் தவறினேன். கரையிலிருந்து விமானத்தில் அவரேதான் அதைக் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. இத்தனை நாளில் அதிகாரி உன்னிடம் சொல்லியிருப்பார். நீ இன்னும் எனக்குத் தங்கைதானா என்று எழுது. இல்லை என்றாலும் எழுது.

இங்கே நரம்பு டாக்டர் ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு வா. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். மாப்பிள்ளை என்னோடு பேச வேண்டாம், பரவாயில்லை, எனக்கும் அவரோடு பேசிப் பழக்கமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

உங்க வீட்டுலேருந்து திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆச்சு. உன் எதிர்லயும் அவர் வாயைத் திறக்கல, நீ நாலு நாளும் ஊர்ப்பட்ட லிஃப்ட் கதையெல்லாம் சொன்னே. சொன்னதுக்கு நன்றி. உன் கடிதத்தைப் பத்தி அதிகாரி சொன்னார். நான் சொன்ன மறுவாரம்தான் அது அவர் கைக்குப் போயிருக்கு. கோபம் வரும்னு பார்த்தேன், வரல. தங்கைதான்.

மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறார். வலிப்பு வகைன்னு அந்த டாக்டர் சொன்னதை இங்க பெரிய டாக்டரும் ஒத்துக்கிட்டார். இனி விமானம் ஓட்ட விடுவாங்களான்னு கேட்டதுக்கு ரெண்டு பேருமே ஜன்னலைப் பார்த்தாங்க.

புது விமானி வந்திருக்கார். இருபத்தெட்டு வயசு இருக்கும். நேத்து அவரோட முதல் பயணம். நான் பின்னாடி உட்கார்ந்து, பழக்கத்துல அவர் பிடரியையே பார்த்துக்கிட்டிருந்தேன். பாதி வழியில பேச்சை நிறுத்திட்டார்.  "சார்"னேன். "சொல்லுங்க சிஸ்டர்"னார். ஒண்ணுமில்லன்னேன். ஐம்பது நிமிஷத்துல ஆறு தடவை கூப்பிட்டிருப்பேன். இறங்கினதும் "உங்களுக்குப் பறக்கப் பயமா?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். அதுதான் சுருக்கம்.

வீட்டுக்கு வந்தேன். அவர் மேஜையில உட்கார்ந்திருந்தார். நான் பையை வைக்கிறதுக்குள்ள கேட்டார், "எப்படி இறக்கினான்?"

ஒரு மாசம் கழிச்சு என்கிட்ட பேசின முதல் வார்த்தை.  "ஒரு தடவை குதிச்சு உட்கார்ந்துச்சு"ன்னேன்.

"காத்து வலது பக்கத்துலேருந்து வந்திருக்கும். மேற்கு முனையில எப்பவும் அப்படித்தான். அவன்கிட்ட யாராவது சொல்லணும்."

"நீங்களே சொல்லுங்க."

மாட்டேன்னு தலையாட்டினார்.  நான் உடை மாத்தப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ அவர் பறந்த நேரமெல்லாம் எழுதி வச்சிருக்கிற அந்தப் பெரிய குறிப்பேட்டைத் திறந்து முன்னாடி வச்சிருந்தார். பக்கம் பக்கமா விரலை ஓட்டிக்கிட்டே போனார்.

"செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் நோயாளி இல்லாம, தபாலோட மட்டும் தனியாத்தானே போவேன்"னார். "நீ வர மாட்டியே."

"ஆமா."

"எத்தனை தடவைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் புரியல. 

"எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லையே. பேசிக்கிட்டே இருக்கேன், பேசிக்கிட்டே இருக்கேன், நடுவுல ஒண்ணும் இல்ல. நீ அன்னைக்குப் போட்டுக் காட்டலன்னா அதுவும் தெரியாது. கடல் மேல தனியா நாலு வருஷம்"னு சொல்லி, குறிப்பேட்டுல கை வச்சுக்கிட்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுல எத்தனை தடவை நான் இல்ல?"

இத்தனை வருஷத்துல அவர் முகத்துல பயத்தை நான் பார்த்ததில்ல அண்ணா. எப்பவும் அது என் வேலையா இருந்துச்சு. பக்கத்துல போய் உட்கார்ந்து கையைப் பிடிச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. நான் விடல, சமைக்கப் போகணும்னு சொல்ற வரைக்கும் அவரும் விடல.

தங்கை